குறியிட்டு மீளப்பிடித்தல் களிநண்டுகளுக்குப் பொருந்துமா?

உயர்தர மாணவி, குருநகர்:
வணக்கம். பாடசாலைச் செயற்றிட்டத்துக்காக, கடனீரேரிக் கரையின் கண்டல் ஓரத்திலுள்ள களிநண்டுகளின் குடித்தொகையை மதிப்பிட எண்ணியுள்ளேன். கூட்டில் அகப்படும் நண்டுகளின் முதுகோட்டில் கியூடெக்ஸ் (நகப்பூச்சு) பூசி விட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்து மறுபடியும் பிடித்து எண்ணுவது என் திட்டம். முதலில் குறியிட்ட தொகையை இரண்டாம் முறை பிடிபட்ட தொகையால் பெருக்கி, அவற்றுள் குறியுள்ளவற்றின் தொகையால் வகுக்க வேண்டும் என்று பாடக்குறிப்பு சொல்கிறது. இது நண்டுக்குச் சரிவருமா?

கணித ஆசிரியர்:
சூத்திரத்துக்குள் இருப்பது வெறும் விகிதசமன்தான். 60 நண்டுகளில் குறியிட்டு, மறுமுறை பிடித்த 50இல் 12 குறியுடன் வந்தால், கரையிலுள்ள மொத்தத்திலும் அதே பங்கு குறியுடையது என்று கொண்டு, 250 என்கிறோம். பறவையியலாளர் ஃபிரெடரிக் லிங்கன் 1930இல் வட அமெரிக்க வாத்துகளுக்குச் செய்ததும், அதற்கு வெகுமுன்பே 1802இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு பிரான்சின் சனத்தொகையை மதிப்பிட்டதும் இதே தருக்கந்தான். மீளப்பிடிபட்டவை மிகச் சிலவாயின் சப்மன் திருத்தத்தைப் பயன்படுத்துங்கள்: மூன்று எண்களோடும் ஒன்றைக் கூட்டிக் கணித்து, விடையில் ஒன்றைக் கழிக்க வேண்டும். இங்கே 238 வரும்.

கரையோரத்தான்:
தங்கச்சி, கணக்கில் பிழையில்லை; சிக்கல் கியூடெக்ஸில் இருக்கிறது. நண்டு வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்றியே ஆகவேண்டும், கழன்ற ஓட்டோடு உங்கள் குறியும் போய்விடும். மேலே சொன்ன 12இல் மூன்று இடையில் ஓடு மாற்றியிருந்தால் உங்கள் கண்ணுக்கு 9 மட்டுமே குறியுடன் தெரியும். ஒரு நண்டுகூடப் புதிதாக வராமலே விடை 333 ஆகிவிடும். சிறிய நண்டுகள் அடிக்கடி ஓடு மாற்றுவதால் அவற்றில் இந்த விலகல் இன்னும் கூடும். ஓடு மாற்றினாலும் நிலைக்கும்படி, முதுகோட்டின் பின்னோரப் பொருத்தினூடாகத் தசைக்குள் செருகும் அடையாளங்களை ஆய்வாளர்கள் பயன்படுத்துவது இதனால்தான். உங்களுக்கு இலேசான வழி, இடைவெளியைச் சில நாட்களாகக் குறைப்பது. ஆனால் குறியிட்டவை மற்றவற்றோடு கலக்க அவகாசம் கொடாமல் அடுத்த நாளே கூடு போடாதீர்கள்.

கடனீரேரி அடைத்த குளமுமல்ல. முட்டையிடும் பருவத்துப் பெண் களிநண்டுகள் கடலை நோக்கிப் போய்விடும். வலைக்காரர் பிடித்துக்கொண்டு போவது, குறியுள்ளவற்றையும் இல்லாதவற்றையும் ஒரே விகிதத்தில் குறைக்குமானால் முதல்நாள் தொகைக்கான மதிப்பீட்டைக் கெடுக்காது. வெளியிலிருந்து வந்து சேரும் நண்டுகள் தாம் கெடுக்கும். கூட்டின் இரையில் ருசி கண்டது திரும்பத் திரும்ப வந்தால் விடை குறையும், ஒருமுறை மிரண்டது ஒதுங்கினால் விடை கூடும். ஆகவே இரண்டாம் முறை கூடுகளை வேறு இடங்களில் வையுங்கள்.

தீவகத்தார்:
நண்டுதான் வேண்டும் என்றில்லையானால் நெடுந்தீவுக் குதிரைகளை எடுத்துப் பாருங்கள். நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை, உடல் நிறம் ஆகியவற்றைப் படமெடுத்து வைத்தால் அதுவே அழியாத குறி. பிடிக்கவும் தேவையில்லை, தீவை விட்டு அவை போகவும் மாட்டா. ஒரே நிறத்தில் சுட்டியில்லாத குதிரைகளை மாறி எண்ணிவிடாமல் இருக்க, இரு பக்கமும் படமெடுங்கள். வீதியோரத்தில் நிற்பவற்றோடு நின்றுவிடாமல் தெற்குப் புல்வெளிக்கும் போய் வாருங்கள்.