மேட்டில் கார் திணறுகிறது: கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போதுமான அளவு வருகிறதா?

வணக்கம் நண்பர்களே. பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் காரை, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டருக்கு மாற்றியிருக்கிறேன். பழைய பம்ப் 40 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) அளவுக்கு மேல் தள்ளும். கார்புரேட்டருக்கு 4 முதல் 7 வரை போதும் என்பதால், அதை எடுத்துவிட்டுக் குறைந்த அழுத்த மின்பம்ப் ஒன்றைப் பொருத்தினேன்.

நிறுத்திவைத்து ஓடவிட்டால் இன்ஜின் சீராக இருக்கிறது. அழுத்தம் காட்டும் கேஜின் முள் 5-இல் அசையாமல் நிற்கிறது. மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால்தான் திணறல். உடனே ஓரங்கட்டி, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தின் கண்ணாடியில் பார்த்தேன். பெட்ரோல் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது! அழுத்தம் இருந்தும் அளவு போதவில்லை என்றே தோன்றுகிறது. வடிகட்டி புதியது.

டேங்க் உறிஞ்சுகுழாயா, கிண்ணத்துக்குள் பெட்ரோலை விடும் ஊசி வால்வா, எதை முதலில் பார்ப்பது? பம்ப் நிமிடத்துக்கு எவ்வளவு தருகிறது என்று அளந்து பார்த்தவர்கள், பாதுகாப்பாக எப்படிச் செய்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். சூடான இன்ஜின் அருகே குழாயைக் கழற்றப் பயமாக இருக்கிறது.