வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்வோர் யார்?

மாறன்: சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிப்பது ஹீமோடயாலிசிஸ்; பையிலுள்ள திரவத்தைக் குழாய் வழியே வயிற்றுக்குள் விட்டு, கழிவோடு வெளியேற்றுவது வயிற்று வழி டயாலிசிஸ். அமெரிக்கக் கணக்கெடுப்புகளைப் பார்த்தால், ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்வோரைவிட வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்வோர் சராசரியாக வயதில் இளையவர்கள், வேலையை விடாமல் தொடர்பவர்களும் அவர்களிடையே அதிகம். நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல், கிருமி புகாதபடி தாமே பை மாற்ற வேண்டிய இச்சிகிச்சை அத்தகையோருக்கே பொருந்தும் என்பது என் கருத்து.

கயல்: அந்தக் கணக்கில் இருப்பவர்கள் இச்சிகிச்சைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், தேர்ந்தெடுக்கப்படாதவர்களுக்கு இது பொருந்தாது என்று அதிலிருந்து எப்படிச் சொல்வீர்கள்? ஹாங்காங்கின் அரசு மருத்துவமனைகளில் 1985 முதல் இதுவே முதல் சிகிச்சை என்பதால், முதியவர்களும் அதிகம் படிக்காதவர்களும் இதையே செய்துவருகிறார்கள். பிரான்ஸில் செவிலியர் வீட்டுக்கே வந்து பை மாற்றித் தருவதால், தனியாகச் செய்துகொள்ள முடியாத முதியவர்கள் பலர் இதில் இருக்கிறார்கள். நோயாளியின் இயல்பைவிட அந்தந்த நாட்டின் ஏற்பாடே இதைத் தீர்மானிக்கிறது.

மாறன்: சேர்த்துக்கொள்வதை ஏற்பாடு தீர்மானிக்கலாம், ஆனால் அதன் பிறகு வரும் தொற்றை அது தடுத்துவிடாது. கல்வி குறைந்தவர்களிடம் வயிற்று உறை அழற்சி, அதாவது வயிற்றின் உட்சவ்வில் வரும் தொற்று, கூடுதலாக ஏற்படுவதாகப் பிரேசிலில் நடந்த பெரிய ஆய்வொன்று காட்டியிருக்கிறது. இடவசதியையும் பாருங்கள்: இரண்டு லிட்டர் பைகள் நாளுக்கு நான்கு என்றால் மாதத்துக்கு 120 பைகள், ஏறத்தாழ 240 கிலோ. ஒற்றை அறையில் நால்வர் வாழும் வீட்டில் அவற்றை எங்கே அடுக்குவது?

கயல்: இடவசதி பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், அதற்கு என்னிடம் மறுப்பில்லை. கல்வி விஷயத்தில் மட்டும் உடன்பட இயலவில்லை. எழுத்தறியாதவருக்கு அச்சிட்ட கையேட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, பிறகு வரும் தொற்றை அவருடைய கல்விக் குறைவின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. கை கழுவுவதும் குழாயை இணைப்பதும் செய்து பார்த்துக் கற்கும் வேலைகள்.

செவிலி: பயிற்சியளிப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்லலாமா? எங்கள் பதிவுப் படிவத்தில் நோயாளியின் வயது, கல்வி, தொழில், திருமண நிலை அனைத்துக்கும் கட்டங்கள் உண்டு. பை மாற்றுபவர் யார் என்பதற்கு இல்லை. பல வீடுகளில் அந்த வேலையைச் செய்வது மனைவியோ மகளோதான்.

மாறன்: அப்படியானால் நோயாளியின் கல்வியை வைத்து நான் வாதிட்டதில் பாதி அடிபட்டுப் போகிறது. அதற்காக வேலையை விட்ட மகள்களின் எண்ணிக்கையை யாராவது எடுத்திருக்கிறார்களா?