எடை மேடைத் திரை உறைந்தது ஏன்? ஈவென்ட் லூப்பில் சிக்கிய அனுபவங்கள்

போன மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் பார்த்ததை எழுதுகிறேன். பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ரோடு வரை வரிசையில் நிற்கும். எடை மேடையில் வரும் எடையைத் திரையில் காட்டுவது, சீட்டு அடிப்பது, விவசாயிக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது எல்லாமே ஒரே பைத்தான் புரோகிராம்தான், பல வேலைகளை ஈவென்ட் லூப் என்ற ஒரு சுற்றில் மாற்றி மாற்றி ஓட்டும் ஏசிங்க்ஐஓ லைப்ரரியில் எழுதியது. அது அவ்வப்போது உறைந்துவிடும், வண்டி இறங்கிப் போன பிறகும் முந்தின வண்டியின் எடையே திரையில் நிற்கும். தன் காய்க்கு வேறு எடை காட்டினால் விவசாயி எப்படிப் பொறுப்பார்? கேபிளை மாற்றிப் பார்த்தார்கள், இண்டிகேட்டரையும் மாற்றினார்கள். சிபியுவோ சும்மா கிடந்தது.

என்னைக் கூப்பிட்டதும் ஏசிங்க்ஐஓ டீபக் மோடைப் போட்டு ஓடவிட்டேன். 100 மில்லிசெகண்டுக்கு மேல் லூப்பைப் பிடித்து வைத்திருப்பது எதுவானாலும் அது லாகில் எழுதிவிடும். எஸ்எம்எஸ் அனுப்பும் கோரூட்டீன்தான் (நடுவில் நின்று இடம் கொடுத்துப் பிறகு தொடரக்கூடிய ஃபங்ஷன்) திரும்பத் திரும்ப வந்தது. வெளியே பார்க்க ஏசிங்க் ஃபங்ஷன், உள்ளே அனுப்புவதோ பதில் வரும் வரை அங்கேயே நிற்கும் சாதாரண ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி, டைம்அவுட்கூட (காத்திருக்கும் நேர வரம்பு) கொடுக்கவில்லை. நாம் கொடுக்காவிட்டால் அது தானாக டைம்அவுட் வைக்காது.

ஏசிங்க் என்று முன்னால் போட்டால் போதும், மற்ற வேலைக்குத் தானாக வழிவிடும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். கிடையாது. லூப் ஓடுவது ஒரே த்ரெட்டில் (புரோகிராமுக்குள் நடக்கும் ஒரு தனி ஓட்டம்), ஓடுகிற கோரூட்டீன் ஓர் அவெய்ட்டில் நிஜமாகவே காத்திருந்து இடம் கொடுத்தால்தான் அடுத்தது ஓடும். எஸ்எம்எஸ் சர்வர் பதில் சொல்லும் வரை எடை படிக்கிற கோரூட்டீனுக்கு முறையே வரவில்லை.

சீசன் நடுவில் முழுசாக மாற்றி எழுத மனமில்லை. பைத்தான் 3.9-இல் வந்த டு_த்ரெட் மூலம் அந்த ஒரு அழைப்பை மட்டும் தனி த்ரெட்டுக்கு அனுப்பினேன், திரை அன்றே சரியானது. ஒன்று முக்கியம்: வெளியே நேர வரம்பு வைக்கும் வெய்ட்_ஃபார் போட்டு நேரம் முடிந்தாலும் உள்ளே த்ரெட் சாகாது, அது பாட்டுக்கு ஓடும். அதனால் ரிக்வெஸ்ட்ஸுக்கே டைம்அவுட் கொடுங்கள். அப்புறம், கணக்குப் போட்டே நேரம் தின்கிற வேலையை வழக்கமான பைத்தானில் த்ரெட்டுக்கு அனுப்பிப் பெரிய பயனில்லை, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே பைத்தான் கோடை ஓட்டவிடும் ஜிஐஎல் பூட்டு விடாது. அதற்குத் தனி பிராசஸ் வேண்டும்.

பதில், தருமபுரியிலிருந்து:

அண்ணா, எங்களுக்கு வேறு மாதிரி வந்தது. பாலக்கோட்டில் தக்காளி விலையை வியாபாரிகளுக்கு அனுப்பும் புரோகிராம், சில நாள் சிலருக்கு மட்டும் செய்தி போகாது, எர்ரரும் வராது. ஒரு வேலையை லூப்பில் ஓடவிடும் கிரியேட்_டாஸ்க் திருப்பித் தரும் டாஸ்க்கை யாரும் எதிலும் பிடித்து வைக்கவில்லை. லூப் தன்னிடம் வீக் ரெஃபரன்ஸ் (மெமரியில் பிடித்து வைக்காத இணைப்பு) மட்டும்தான் வைத்திருக்கும், அதனால் பைத்தான் மெமரியைத் துப்புரவு செய்யும்போது டாஸ்க் முடியும் முன்பே குப்பையோடு போய்விட வாய்ப்புண்டு. ஒரு செட்டில் போட்டு வைத்து, முடிந்ததும் எடுக்கும்படி செய்தோம், அதன் பிறகு ஒருவருக்கும் விட்டுப்போகவில்லை. பைத்தான் 3.11 இருந்தால், டாஸ்க்குகளைச் சேர்த்துப் பிடித்து வைக்கும் டாஸ்க்குரூப்பே பார்த்துக்கொள்ளும், எங்கள் சர்வரில் இன்னும் 3.8தான்.