வீட்டு பிரிண்டரில் பிரோஷர்: இரண்டு பக்கமும் அடிக்க விலை குறைவான தாள் எது?

தேன்குழல்:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் நானும் என் மாமியாரும் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறோம். தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம் எல்லாம் உண்டு. தீபாவளி ஆர்டருக்காக ஏ4 தாளை மூன்றாக மடிக்கிற மாதிரி ஒரு பிரோஷர் தயார் செய்து வைத்திருக்கிறேன், ஒரு பக்கம் பலகாரப் படங்கள், இன்னொரு பக்கம் விலைப்பட்டியலும் போன் நம்பரும். 150 பிரதி போதும். அச்சகத்தில் விசாரித்தால் ஆயிரத்துக்குக் குறைந்து ஆஃப்செட் அச்சு இயந்திரத்தில் போட முடியாது என்கிறார்கள். வெல்லம், கடலை எண்ணெய் விலை ஏறினால் எங்கள் விலையும் மாறும், அப்போது மிச்சம் 850 தாளை என்ன செய்வது? அதனால் வீட்டில் இருக்கும் எப்சன் எல்3250 இன்க்ஜெட் பிரிண்டரிலேயே அடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

இதுவரை மூன்று தாள் பார்த்துவிட்டேன். சாதாரண 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாளில் முன்பக்கத்து அதிரசம் பின்பக்கத்து விலைப்பட்டியலுக்கு நடுவில் நிழலாகத் தெரிகிறது, படத்தில் தேன்குழலின் பொன்னிறம் களிமண் நிறமாகிவிட்டது. அடுத்து, இங்கே ஒரு ஸ்டேஷனரி கடையில் "பிரோஷர் அடிக்க பளபளப்பா, ரெண்டு பக்கமும்" என்று கேட்டு 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் வாங்கினேன். ராத்திரி அடித்து வைத்தது மறுநாள் காலையிலும் காயவில்லை, மாமியார் கையில் எடுத்துப் பார்த்ததில் கட்டைவிரல் ரேகை அப்படியே படத்தில் விழுந்துவிட்டது. மூன்றாவது 180 ஜிஎஸ்எம் போட்டோ பேப்பர். முன்பக்கம் அருமை, பின்பக்கம் மை நிற்கவே இல்லை.

ஆன்லைனில் "டபுள் சைடு இன்க்ஜெட்" என்று தேடினால் 120-இலிருந்து 300 ஜிஎஸ்எம் வரை, மேட் (பளபளப்பில்லாதது), கிளாஸி (பளபளப்பானது) என்று வரிசையாக வருகிறது. ஒரு தாளுக்கு ஆறு ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். எதை வாங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.

ஆண்டர்சன் தெரு:

சகோதரி, பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பேப்பர் கடையில் 20 வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். உங்கள் இரண்டாவது தாளில் நடந்தது அடிக்கடி நடப்பது, அந்தக் கடைக்காரர் உங்களிடம் எந்த பிரிண்டர் என்று கேட்டிருக்க வேண்டும்.

ஆர்ட் பேப்பர் மோசமான தாள் இல்லை. அது ஆஃப்செட்டுக்கும் லேசருக்கும் ஆன தாள். மேலே பூசியிருப்பது வழவழவென்று அடைத்துப் பூசிய பூச்சு. ஆஃப்செட் மை எண்ணெய் மாதிரி கெட்டியாக இருக்கும், லேசர் பிரிண்டரின் டோனர் தூள் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும், இரண்டுக்கும் அந்த வழவழப்பு சரி. இன்க்ஜெட் மையோ பெரும்பங்கு தண்ணீர். அது உள்ளே இறங்க இடம் வேண்டும், இல்லையென்றால் மேலேயே தேங்கி நிற்கும். இன்க்ஜெட் தாளில் அந்த மையை உறிஞ்சிக்கொள்வதற்கென்றே தனிப் பூச்சு இருக்கிறது. நீங்கள் வாங்கிய போட்டோ பேப்பரில் அந்தப் பூச்சு ஒரு பக்கம் மட்டும்.

அதனால் கடையில் "பளபளப்பா" என்று கேட்காதீர்கள். "இன்க்ஜெட் கோட்டிங், ரெண்டு பக்கமும், மேட்" என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் விரலைக் கொஞ்சம் ஈரம் செய்து தாளின் ஒரு மூலையை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் பாருங்கள், பூச்சு உள்ள பக்கம் லேசாக விரலில் ஒட்டும். இரண்டு பக்கமும் ஒட்டினால்தான் அது உங்களுக்கான தாள்.

ஜிஎஸ்எம் விஷயம். பிரோஷருக்கு 120-இலிருந்து 140 வரை போதும், அதற்கு மேல் போகவே போகாதீர்கள். காரணம் மடிப்பு. தாளுக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. ஏ4 தாளில் பெரும்பாலும் அது நீளவாக்கில் ஓடும். மூன்றாக மடிக்கும்போது நீங்கள் அந்த நாரைக் குறுக்கே முறிக்கிறீர்கள். 200 ஜிஎஸ்எம் தாளில் மடித்த இடத்தில் பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். கெட்டியாக இருந்தால் மதிப்பு என்று நினைத்து 220 வாங்கிக்கொண்டு போய், மறுநாளே திரும்பி வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், பாக்கெட்டில் போட்டிருக்கும் ஜிஎஸ்எம்மை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராமோ அதுதான் ஜிஎஸ்எம். ஏ4 என்பது சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. அதனால் 16 தாளை எடுத்து உங்கள் பலகாரத் தராசில் வையுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுதான் அந்தத் தாளின் ஜிஎஸ்எம், வேறு கணக்கே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இன்க்ஜெட் கிளாஸி தாள் மிச்சமானால் யாருடைய லேசர் பிரிண்டரிலும் போடக் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் பூச்சு உருகி உள்ளே ரோலரில் ஒட்டிக்கொண்டால் ரிப்பேர் செலவு பெரிதாகிவிடும்.

வைகைக்கரை:

பெரியவர் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. நான் மதுரையில் நர்சரி வைத்திருக்கிறேன், செடிப் பட்டியலை மாதா மாதம் அடிக்கிறேன். பூச்சுத் தாளே வேண்டாம் என்று விட்டுவிட்டு 100 ஜிஎஸ்எம் எக்ஸிக்யூட்டிவ் பாண்ட் என்கிற பூச்சில்லாத தாளுக்கு மாறிவிட்டேன். விலை பாதிகூட இல்லை, இரண்டு பக்கமும் வரும், பேனாவால் மேலே எழுதலாம், மடித்தால் வெடிக்காது. படம் கொஞ்சம் மங்கல்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முழுப்பக்கக் கலர் பின்னணியை எடுத்துவிட்டு வெள்ளைப் பின்னணியில் சின்னச் சின்னப் படமாக வைத்தால் பின்பக்கம் நிழலும் தெரியாது, தாளும் மை குடித்து நெளியாது, மையும் மிச்சம்.

இன்னொன்று, நீங்கள் விற்பது பலகாரம். எண்ணெய்க் கையோடுதான் பிரோஷரை எடுப்பார்கள். மேட் தாளில் எண்ணெய் பட்டால் கறை பரவி மறுபக்கம் தெரியும். இதற்குத்தான் கிளாஸி பரவாயில்லையோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

கலர்மை:

@வைகைக்கரை அண்ணா, செடிப் பட்டியலுக்கு பாண்ட் சரி. பலகாரத்துக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. அதிரசம், முறுக்கு எல்லாமே பழுப்பும் பொன்னிறமும், பூச்சில்லாத தாளில் முதலில் செத்துப்போகிற நிறம் அதுதான். பச்சை இலை மங்கினாலும் இலையாகத் தெரியும், தேன்குழல் மங்கினால் பழசாகத் தெரியும். பார்க்கிறவருக்கு வாங்கத் தோன்றாது. எண்ணெய்க்கு வழி, பிரோஷரைப் பலகாரத் தட்டின் பக்கத்தில் வைக்காமல் பார்சல் பையில் தனியாகப் போட்டுக் கொடுப்பது. கிளாஸியில் கறை இறங்குவது குறைவுதான், ஆனால் விரல் தடம் பளிச்சென்று தெரியும், ட்யூப் லைட் வெளிச்சத்தில் விலையைப் படிக்க முடியாமல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

தமிழ் எழுத்துக்காகவும் பூச்சுத் தாளையே சொல்வேன். சாதாரணத் தாளில் மை நார் வழியாக ஓரம் கசியும். அப்போது முதலில் காணாமல் போவது புள்ளிதான். 8 பாயிண்ட் எழுத்தளவில் "எண்ணெய்" என்று அடித்துப் பாருங்கள், ண்-இன் சுழிகள் அடைத்து, மேலே இருக்கும் புள்ளி எழுத்தோடு ஒட்டியிருக்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் மோசம். எந்தத் தாள் வாங்கினாலும் முதலில் இந்த ஒரு சொல்லை அடித்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள் அக்கா.

அடிக்கும் முறை. எல்3250-இல் தாள் பின்னால் இருந்து போவது உங்களுக்கு நல்லது, கீழே டிரே உள்ள மாடல்களில் தாள் யூ வடிவில் வளைந்து போகும், அதில் கெட்டித் தாள் சிக்கும். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து தாளுக்கு மேல் வைக்காதீர்கள். விலை குறைந்த மேட் தாளில் பூச்சுத் தூள் உதிரும், வைக்கும் முன் தாள் கட்டை நன்றாக விசிறி, காய்ந்த துணியால் ஓரங்களைத் தட்டிவிடுங்கள். பிரிண்ட் கொடுக்கும்போது தாள் வகையை மேட் என்று மாற்ற மறக்க வேண்டாம். சாதாரணத் தாள் என்றே விட்டுவிட்டால் மை அளவு தப்பாகும், நல்ல தாள் வாங்கியும் பழைய மங்கல்தான் வரும்.

இந்த மாடலில் இரண்டு பக்கம் தானாக வராது. மை குறைவான விலைப்பட்டியல் பக்கத்தை முதலில் 150-உம் அடித்து, பரப்பிக் காயவைத்து, அரை மணி நேரம் கழித்துப் படப் பக்கத்தை அடியுங்கள். மழை நாளில் இன்னும் கூடுதல் நேரம். எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதற்கு, ஒரு தாளில் பென்சிலால் அம்புக்குறி போட்டு ஒத்திகை பாருங்கள். அகலவாக்கில் அடிக்கும் பிரோஷரை அதன் குறுகிய ஓரத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் பின்பக்கம் தலைகீழாக வரும்.

மடிப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. 297 மில்லிமீட்டரை மூன்றாக 99, 99, 99 என்று பிரித்தால் உள்ளே மடங்கும் பகுதி முட்டிக்கொண்டு உப்பும். 100, 100, 97 என்று பிரித்து 97-ஐ உள்ளே மடியுங்கள். மறுபக்கத்தில் வரிசை தலைமாறி 97, 100, 100 என்று வரும், டிசைனிலேயே அதைச் சரி செய்யுங்கள். மடிக்கும் முன் ஸ்கேல் வைத்து, எழுதித் தீர்ந்த ரீஃபிலால் ஒரு கோடு அழுத்தி இழுத்தால் மடிப்பு கத்தியால் கீறியது போல நேராக விழும்.

தேன்குழல்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் சொன்னதை எல்லாம் செய்து பார்த்துவிட்டு எழுத நினைத்தேன்.

இரண்டு பக்க மேட், 140 என்று போட்ட இரண்டு பாக்கெட், 50 தாள் வீதம், வெவ்வேறு கம்பெனி. தராசில் 16 தாள் வைத்தேன். ஒன்று 139 காட்டியது, இன்னொன்று 122. குறைந்த விலை என்று நான் முதலில் எடுத்தது அந்த 122-தான், அதில் அடர்ந்த படம் உள்ள இடத்தில் பின்பக்கம் லேசாக நிழல் தெரிகிறது. 139-இல் தெரியவில்லை. தாளுக்கு ஐந்தரை ரூபாய் ஆகிறது.

தேன்குழல் படம் எண்ணெயில் இருந்து அப்போதுதான் எடுத்து வடியவைத்த நிறத்தில் வந்திருக்கிறது. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மணகோலத்தின் மேல் ஒட்டியிருக்கிற பொட்டுக்கடலையும் தேங்காய்ச் சில்லும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சரி என்றார். "எண்ணெய்" 8 பாயிண்டில் புள்ளியோடு தெளிவாக இருக்கிறது, ஆனாலும் வயதானவர்கள் படிக்க வேண்டுமே என்று விலைப்பட்டியலை 10-க்கு ஏற்றிவிட்டேன்.

வைகைக்கரை அண்ணா சொன்னதும் வீணாகவில்லை. 150-உம் பூச்சுத் தாளில் அடிக்கவில்லை. புதியவர்களுக்குக் கொடுக்க 100 மேட், எங்களிடம் வழக்கமாக வாங்குகிறவர்களுக்கு விலை மட்டும் தெரிந்தால் போதும் என்பதால் 50 பாண்ட் தாளில் பட்டியல் மட்டும்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அடித்த தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், கலர் கரைந்து ஓடுகிறது. ஐப்பசி மழையில் இதை எப்படிக் கொடுப்பது?

ஆண்டர்சன் தெரு:

கரைகிறது என்றால் அந்தக் கலர் மை டை (சாயம்) வகை சகோதரி, இந்த மாதிரித் தாளில் தண்ணீர் பட்டால் கரையத்தான் செய்யும். லேமினேஷன் எல்லாம் வேண்டாம், தாளை விட அது விலை. நீங்கள் முறுக்கு போடுகிற பிளாஸ்டிக் கவரில் மடித்த பிரோஷர் அளவுக்கு, 10-க்கு 21 சென்டிமீட்டர் தாள் நுழைகிற மாதிரி ஒன்று எடுத்துப் போட்டுக் கொடுங்கள். மிச்சத் தாளை பாக்கெட்டோடு டேப் ஒட்டி பீரோவில் வையுங்கள், அடுப்படி பக்கம் வேண்டாம், ஈரம் குடித்தால் சுருண்டுவிடும்.