ரேசுக்கும் ஆகும், குடும்பத்தோடு தங்கவும் ஆகும் என்கிற 24 அடிப் பாய்ப்படகு: நம்பி வாங்கலாமா?

நாயுடுபுரம்_தச்சன்:

வணக்கம். கொடைக்கானலில் மரவேலை செய்கிறேன். ஏரியில் ஓடும் துடுப்புப் படகுகளுக்குப் பலகை மாற்றுவது, ஒழுகல் அடைப்பது என்று 18 வருடம் ஓடிவிட்டது. பாய் கட்டிய படகை மட்டும் தொட்டதில்லை.

தூத்துக்குடியில் என் மச்சான் ஒரு பழைய ஃபைபர் பாய்ப்படகு பார்த்து வைத்திருக்கிறார். பாதிப் பணம் அவர், பாதி நான். விற்பவர் கொடுத்த தாளில் உள்ளது: நீளம் 7.3 மீட்டர், தண்ணீர் தொடும் நீளம் 6.1 மீட்டர், எடை 1,900 கிலோ, அதில் அடியில் தொங்கும் கீலில் ஈயம் 600 கிலோ, பாய் இரண்டும் சேர்த்து 24 சதுர மீட்டர், தண்ணீருக்குள் 1.3 மீட்டர் இறங்கும். உள்ளே நாலு பேர் படுக்கலாம். ஒரு காஸ் அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி. நிமிர்ந்து நிற்க முடியாது, ஐந்தடி நாலங்குலம் இருக்கும் எனக்கே தலை இடித்தது. "ரேசுக்கும் போகலாம், பிள்ளைகளோடு ரெண்டு நாள் தங்கவும் செய்யலாம்" என்கிறார்.

சந்தேகம் வந்தது இப்படி. அந்தத் தாளை வைத்து ஒரு மீட்டர் நீளத்தில் மாதிரி செய்தேன். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டை உருக்கி, மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு வருகிற மாதிரி கீல். கொடை ஏரியில் விட்டபோது லேசாகச் சாய்ந்து அழகாக ஓடியது. அதையே தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் விட்டால் பாய் தண்ணீரில் படுத்துவிட்டது. மச்சான் மகன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான். கையில் பிடிக்கும் காற்றுமானி இரவல் வாங்கி இரண்டு இடத்திலும் பார்த்தேன், ஏறக்குறைய ஒரே காற்றுதான், நொடிக்கு 4 மீட்டர். அப்படியென்றால் பெரிய படகும் படுத்துவிடுமா?

"மலைமேல இருக்கிற ஆளுக்குக் கடல்ல என்ன வேலை" என்று வீட்டில் கேட்கிறாள். லெவிஞ்ச் துரை 1863-இல் இந்த ஏரியை வெட்டியபின் முதல் படகே தூத்துக்குடியிலிருந்துதான் வந்தது என்றேன். எடுபடவில்லை.

கோத்தகிரிப்_பனி:

தம்பி, மாதிரியை நன்றாகச் செய்திருக்கிறீர்கள். ஆனால் அதை வைத்துப் பெரிய படகை எடை போடாதீர்கள்.

முதலில் காற்று. கொடை ஏரி 2,100 மீட்டருக்கு மேலே. அங்கே ஒரு கனமீட்டர் காற்று சுமார் 0.95 கிலோதான். தூத்துக்குடியில் 1.16 கிலோ வரும். மானி காட்டுவது வேகத்தை மட்டும். பாயைத் தள்ளுவதில் காற்றின் கனத்துக்கும் பங்கு உண்டு. அதே 4 மீட்டர் காற்று கீழே 20 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகத் தள்ளும். நம் மலைகளில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாததற்கும் இந்த இளைத்த காற்றுதான் காரணம்.

பெரிய விஷயம் அளவு. ஒரு படகை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் பாய்ப்பரப்பு 4 மடங்கு, அதன் உயரம் 2 மடங்கு, ஆக சாய்க்கும் வலு 8 மடங்கு. நிமிர்த்தும் பக்கம் எடை 8 மடங்கு, நெம்புதூரம் 2 மடங்கு, ஆக 16. படகு பெரிதாகப் பெரிதாக நிமிர்த்துவதுதான் ஜெயிக்கும். உங்கள் மாதிரியைவிட அந்தப் படகு அதே காற்றுக்கு ஏழு மடங்கு உறுதி. சாயும், படுக்காது.

இப்போது "ரேஸ்" என்ற சொல்லுக்கு வருகிறேன். ஜே 24 என்று ஒரு ரேஸ் படகு உண்டு. ராட் ஜான்ஸ்டன் என்ற அமெரிக்கர் 1970-களில் தன் வீட்டுக் கராஜில் கட்டியதிலிருந்து பிறந்தது, 5,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். நீளம், தண்ணீர் தொடும் நீளம், பாய் எல்லாம் ஏறக்குறைய உங்கள் தாளில் உள்ளதுதான். ஆனால் எடை 1,406 கிலோ. உங்களுடையது கிட்டத்தட்ட 500 கிலோ கூடுதல்! உச்ச வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை: தண்ணீர் தொடும் நீளமான 6.1-இன் வர்க்கமூலத்தை 2.43-ஆல் பெருக்கினால் 6 நாட், மணிக்கு 11 கிலோமீட்டர். தான் எழுப்பும் அலைக்குள்ளேயே மாட்டிக்கொள்வதால் இந்த வகைப் படகு காற்றை எதிர்த்து ஏறும்போது அதைத் தாண்டாது. உங்கள் ஏரியைச் சுற்றும் வாடகை சைக்கிள் இதைவிட வேகம்.

அடி விழுவது காற்று மெதுவாக வீசும்போது. எடைக்கு எவ்வளவு பாய் என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. எடையைக் கடல்நீரின் கனமான 1,025-ஆல் வகுத்துக் கனமீட்டராக்கி, அதன் கனமூலத்தை வர்க்கமாக்கி, அதனால் பாய்ப்பரப்பை வகுங்கள். ஜே 24-க்கு 20-ஐ ஒட்டி வரும், உங்களுக்கு 16. பதினாறு என்றால் சாதுவான குடும்பப் படகு. ஓடும், ரேசில் பின்னால் வரும். ஈயம் மூன்றில் ஒரு பங்கு இருப்பது நல்லதே, ஆனால் அந்த ஈயம் கீலின் அடிமுனையில் இருக்கிறதா, மேலிருந்து பரவியிருக்கிறதா என்று கேளுங்கள்.

நாங்கள் கொச்சியில் 26 அடி வைத்திருந்தபோது என் வீட்டுக்காரர் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, இரண்டு பேட்டரி, உபரி நங்கூரம் எல்லாவற்றையும் பின்பக்கம் அடைத்தார். பின்புறம் அமிழ்ந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமை ரேசில் கடைசி. அவர் இறக்கச் சொன்னது என் இட்லிப் பானையை!

வாங்கும் முன் மரச்சுத்தியலால் மேல்தளத்தைத் தட்டுங்கள். இந்த வகைப் படகுகள் பலவற்றில் ஃபைபர் இரண்டு தாளுக்கு நடுவே பால்சா என்கிற லேசான மரம் இருக்கும். தண்ணீர் புகுந்து ஊறினால் சத்தம் மாறும். உங்கள் காதுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீலும் உடலும் சேரும் இடத்தில் முன்முனையில் சிரிப்பு மாதிரி விரிசல் இருந்தால் போல்ட்டுகளைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

முத்துநகர்_தோணி:

அக்கா சொன்ன கணக்கெல்லாம் சரி. நான் கேட்பது ஒன்றுதான், அண்ணாச்சி, அதை எங்கே கட்டுவீர்கள்? எங்கள் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிடுவோம். 1.3 மீட்டர் இறங்கும் ஏராவோடு (கீலைத்தான் சொல்கிறேன்) இது மணலில் ஏறாது, எப்போதும் ஆழத்தில் கிடக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறது, மேலும் அது தேசியப் பூங்கா, நினைத்த இடத்தில் நங்கூரம் போட முடியாது. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது பிள்ளைகளை ஏற்றாதீர்கள். கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று, திரும்பி வருவதுதான் பாடு. மாசி, பங்குனியில் பழகுங்கள்.

நாயுடுபுரம்_தச்சன்:

அக்கா, சனிக்கிழமை போய்த் தட்டினேன். முன்பக்கமெல்லாம் முற்றின பலகை மாதிரி "டக் டக்". பாய்மரத்தின் அடியில் ஒரு முழம் அகலத்துக்கு மட்டும் "தொப்". ஊறின யூகலிப்டஸ் பலகை இப்படித்தான் பேசும். ஒரு திருகாணியைக் கழற்றினால் காபித் தண்ணீர் நிறத்தில் கசிந்தது. விற்பவர் முகத்தை நான் பார்க்கவில்லை, மச்சான் பார்த்தாராம்.

கீல் சேருமிடத்தில் விரிசல் இல்லை. ஈயம் அடியில் பருத்து இருக்கிறது.

தோணிக்காரத் தம்பி, கட்ட இடம் மச்சான் பார்க்கிறார். அது கிடைக்கும்வரை அட்வான்ஸ் இல்லை.

அந்த ஒரு முழத்தை வெட்டி எடுத்து வேறு மரம் வைக்கலாமா, பால்சாதான் வேண்டுமா?

கோத்தகிரிப்_பனி:

பாய்மரத்தின் பாரம் இறங்கும் இடம், அங்கே பால்சா வேண்டாம். மரைன் பிளைவுட் வையுங்கள், எப்பாக்சியில் ஓரங்களை நன்றாக மூடிவிட்டு. அதற்கு முன் இரண்டு வாரம் திறந்துபோட்டுக் காயவிடுங்கள். தூத்துக்குடி வெயிலில் காயும், கொடையில் என்றால் அடுத்த சித்திரை ஆகிவிடும்.