ஜிகேம் போட்ட பிறகு இருட்டு ரோஸ் ஆன கதை: உங்களுக்கும் நடந்ததா?

நிழல்65:
ஜிகேம், அதாவது கூகுள் கேமரா ஆப்பை மற்ற போன்களுக்கு மாற்றினது; அதில் எல்எம்சி 8.4 பதிப்பு, யாரோ பகிர்ந்த கான்ஃபிக் (அமைப்புகளின் கோப்பு), ஷட்டருக்குப் பக்கத்துக் கறுப்பு இடத்தில் இரண்டு தட்டு, ரீஸ்டோர். இதெல்லாம் இங்கே தெரியாதவர் இல்லை. பகலில் பிரமாதம். கோயில் பிரகாரத்தில் ஒற்றை விளக்கு, தூணுக்குப் பின்னால் கரியாக இருக்க வேண்டிய இருட்டில் ரோஸ் பவுடர் கொட்டின மாதிரி ஒரு படம். இன்னும் உறுத்துது.

காரணம் பிளாக் லெவல், அதாவது முழு இருட்டுக்கு சென்சார் தரும் அடிப்படை மதிப்பு. 10 பிட் சென்சார்கள் பலவற்றில் வெளிச்சமே படாவிட்டாலும் மதிப்பு 0 வராது, 64 வரும். அதை முழுசாகக் கழிக்காவிட்டால் மிச்சம் நிற்கும். ஒயிட் பேலன்ஸ் சிவப்பையும் நீலத்தையும் பச்சையைவிட அதிகமாகப் பெருக்குவதால் அந்த மிச்சம் ரோஸாகத் தெரியும். அளவுக்கு மீறிக் கழித்தால் நிழல் பச்சை. கஸ்டம் பிளாக் லெவலில் நான்கு சேனலுக்கும் (சிவப்பு, இரண்டு பச்சை, நீலம்) 64 கொடுத்ததும் இருட்டு இருட்டானது.

பிக்சல்பித்தன்:
தல, எல்லாருக்கும் 64-ன்னு எழுதிட்டுப் போகாதீங்க. ரா (சென்சார் தரும் பதப்படுத்தாத தரவு) 12 பிட்டில் வந்தால் அதே அளவு 256, 14 பிட்டில் 1024. ஸ்டாக் கேமரா ப்ரோ மோடில் ஒரு டிஎன்ஜி (ரா கோப்பு) எடுத்து, மெட்டாடேட்டா காட்டும் ஆப்பில் பிளாக் லெவல் வரியைப் பாருங்க. சந்தேகம்னா லென்ஸை விரலால் இறுக மூடி, குறைந்த ஐஎஸ்ஓ-வில் இன்னொன்று எடுத்துச் சராசரி பாருங்க. அப்புறம், நிறம் மூலைகளில் மட்டும் திரிந்திருந்தால் அது பிளாக் லெவலே இல்லை, லென்ஸ் ஷேடிங் (லென்ஸால் ஓரங்களில் வெளிச்சமும் நிறமும் மாறுவது). அதுக்கு 64-ஐ எவ்வளவு நோண்டினாலும் போகாது.

தேன்குருவி:
எங்க வீட்டுப் பக்கம் வேறு பிரச்சினை. "அதே சென்சார்தான், தைரியமா போடு" என்று வந்த கான்ஃபிக். குழந்தையின் தலைமுடி முழுக்க வாட்டர்கலர், ஒரு இழைகூடப் பிரியவில்லை. நாய்ஸ் மாடல் மதிப்பு தேவைக்கு மேல் இருந்தது. சென்சாரில் இவ்வளவு இரைச்சல் உண்டு என்று ஆப் நம்பி, முடியையும் இரைச்சலோடு சேர்த்து வழித்துவிடுகிறது. ரொம்பக் குறைத்தால் மணல் மணலாக வரும். சென்சார் பெயர் ஒன்றாக இருந்தாலும் லென்ஸும் டிரைவரும் வேறு. கான்ஃபிக்கை அப்படியே நம்ப முடியாது.

இன்னொன்று: 50 மெகாபிக்சல் வரலையேன்னு தினம் ஒருத்தர் கேக்கறீங்க. குவாட் பேயர் சென்சார் (பக்கத்துப் பக்கத்து நாலு பிக்சலுக்கு ஒரே நிற வடிகட்டி) ஆப்புக்குக் கொடுக்கும் ரா பெரும்பாலும் நாலுக்கு ஒன்றாகச் சேர்த்தது, 12.5 தான் வரும். அது குறை இல்லை.

திருப்புளி:
சாஃப்ட்வேரிலேயே சண்டை போடறீங்க. ஒரு போன் வந்தது, தெருவிளக்கு ஒவ்வொன்றுக்கும் எதிர்மூலையில் ஒரு பச்சைப் பேய்விளக்கு. நாலு போர்ட் (ஜிகேமின் வெவ்வேறு பதிப்பு) மாத்தியும் போகலை. மேலே ஒட்டியிருந்த லென்ஸ் புரொடெக்டரை உரித்ததும் போச்சு.

யாரும் கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். பூச்சு இல்லாத கண்ணாடியில் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4% வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஒரு புரொடெக்டர் என்றால் இரண்டு பரப்பு கூடுதல். முதலில் அதைக் கழற்றி, மைக்ரோஃபைபர் துணியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டுத் துடைங்க. அப்புறம் இருட்டறையில் ஒரு எல்இடி பல்பைப் படம் பிடிங்க. சுற்றிலும் மூட்டமாக இருந்தால் கீறல் அல்லது எண்ணெய்.

கேமரா கண்ணாடியே கீறியிருந்தால் மாத்தலாம். ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து ஓரத்தை மட்டும் மெதுவாகச் சூடாக்குங்க, தொட முடியாத சூடு ஆனதும் பசை இளகும். ஒரே இடத்தில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லென்ஸ் போயிடும். பேக் பேனல் கழற்றியிருந்தால் உள்ளிருந்து தள்ளுங்க. வெளியிலிருந்து ஊசியால் நெம்பினால் சில்லு நேராக லென்ஸ் மேல் விழும். கடையில் விலை குறைந்த கண்ணாடி பலவற்றில் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு கிடையாது. வெள்ளை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்க: பூச்சு இருந்தால் பிரதிபலிப்பு மங்கலாக, ஊதா அல்லது பச்சை சாயலோடு இருக்கும், இல்லாவிட்டால் பளிச்சென்று வெள்ளை. ஒட்டுவதற்கு முன் பம்ப் வைத்துத் தூசி ஊதுங்க, வாயால் வேண்டாம், எச்சில் தெறிக்கும்.

நிழல்65:
அண்ணே, என் போனில் புரொடெக்டரே இல்லை :) ரோஸ் 64-லேயே போச்சுன்னு மேலே எழுதியிருக்கேன்.

பிக்சல்பித்தன்:
64 உங்க போனுக்கு.