வயதின் விளைவை நீக்கியதும் மாதிரிகள் மறைகின்றன: அல்சைமர் மூளைத் தரவு ஒருங்கிணைப்பில் உதவி தேவை

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு)

அனைவருக்கும் வணக்கம். முதுநிலைத் திட்டப்பணிக்காக, சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகம் நடத்தும், முதியோரின் நினைவாற்றலையும் மூளையையும் ஆராயும் ரோஸ்மேப் ஆய்வின் தரவைக் கையாண்டு வருகிறேன். கொடையாளர்கள் இறந்தபின் பெறப்பட்ட மூளையின் முன்நெற்றிப் புறணியில் அளந்த ஆர்.என்.ஏ. அளவுகளையும் புரத அளவுகளையும், பலவகைத் தரவுகளில் உள்ள மாறுபாட்டுப் போக்குகளைக் 'காரணிகள்' என்று பிரித்தெடுக்கும் மோஃபா மென்பொருளால் ஒன்றிணைக்க முயல்கிறேன். வயது, பால், ஆர்.என்.ஏ. எவ்வளவு சிதையாமல் உள்ளது என்பதைக் காட்டும் தர எண், இறப்புக்கும் மூளையை எடுத்ததற்கும் இடைப்பட்ட நேரம் ஆகியவற்றின் விளைவை ஆர் (R) நிரல்மொழியில் நீக்கியதும் மாதிரிகளில் பெரும்பகுதி காணாமல் போகிறது. எஞ்சியவற்றில் நோயின் தடயமே தெரியவில்லை. பிழைச்செய்தி எதுவும் வராததால் எங்கே தேடுவது என்றே புரியவில்லை.

மறுமொழி (நகரி, ஆந்திரம்)

தம்பி, வயது நெடுவரிசையைத் திறந்து பாருங்கள். கொடையாளரின் அடையாளத்தைக் காப்பதற்காக, 90 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அனைவருக்கும் '90+' என்று மட்டுமே பொதுப் பதிப்பில் தந்திருப்பார்கள். அதை எண்ணாக மாற்றும்போது கூட்டல் குறியின் காரணமாக அது வெற்று மதிப்பாகிவிடும். ஆர் ஓர் எச்சரிக்கையை மட்டும் காட்டிவிட்டு, பிறகு அந்த வரிசைகளைச் சத்தமின்றிக் கைவிட்டுவிடும். 1994இல் துறவியரைக் கொண்டு தொடங்கி, 1997இல் பொதுமக்களைச் சேர்த்து விரிந்த முதியோர் ஆய்வு இது என்பதால், நீங்கள் இழப்பது சிலரை அன்று. நோய் முற்றிய பலரையும் சேர்த்தே இழக்கிறீர்கள். '90+' என்பதை 90 என்று மாற்றிவிட்டு, 90ஐ எட்டியவரா இல்லையா என்பதற்குத் தனி மாறி ஒன்றையும் சேருங்கள். கொடையாளர் எண்களை எழுத்தாகவே படியுங்கள். எண்ணாகப் படித்தால் முன்னால் உள்ள சுழியங்கள் உதிர்ந்து, இரு அட்டவணைகளும் பொருந்தாமல் போகும்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. மாதிரிகள் திரும்பிவிட்டன. ஆனால் இப்போது முதல் காரணியில் நரம்பணுக்களின் மரபணுக்கள் தாழ்ந்தும், நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட்டு உயிரணுக்களின் அடையாளமான ஜி.எஃப்.ஏ.பி. உயர்ந்தும் உள்ளன. இதை நோயின் விளைவாகக் கொள்ளலாமா? மேலும், மிட்கைன் போன்ற சில புரதங்கள் உயர்ந்திருக்கும்போது அவற்றின் ஆர்.என்.ஏ. அசையவே இல்லை. இரண்டும் ஒத்துப்போகாத மரபணுக்களை நீக்கிவிடலாமா?

மறுமொழி (தேவிகுளம், இடுக்கி)

நீக்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். மிட்கைனும் ஸ்மாக்1 என்னும் மற்றொரு புரதமும், அல்சைமர் மூளையில் குவியும் அமிலாய்டு என்னும் புரதப் படிவுகளோடு ஒட்டிச் சேர்பவை. உற்பத்தி கூடாமலேயே ஒரு புரதம் திசுவில் குவியக்கூடும். அந்தப் பொருந்தாமையைக் காண்பதற்காகத்தானே புரதத்தையும் ஆர்.என்.ஏ.யையும் சேர்த்துப் பார்க்கிறோம்?

முதல் காரணியைப் பற்றிக் கூடுதல் கவனம் தேவை. அரைத்த திசுவில் நாம் அளப்பது எல்லா உயிரணுக்களின் சராசரியை. நரம்பணுக்கள் மடிந்து ஆஸ்ட்ரோசைட்டுகளின் பங்கு கூடினால், எந்த உயிரணுவும் தன் போக்கை மாற்றாதபோதும் நரம்பணு மரபணுக்கள் தாழ்ந்ததாகத் தெரியும். எனவே தனித்தனி உட்கருக்களில் அளந்த தரவைச் சான்றாகக் கொண்டு உயிரணு விகிதத்தைக் கணித்து, அதன் விளைவை நீக்கியும் நீக்காமலும் இருமுறை மோஃபாவை ஓட்டுங்கள். நீக்கியதை மட்டும் நம்புவதும் தவறு, ஏனெனில் நரம்பணு இழப்பே இந்த நோயின் ஒரு பகுதி.

ஒரு காரணி ஆர்.என்.ஏ.யில் மட்டும் எடை கொண்டு தர எண்ணோடும் இணைந்து நகர்ந்தால், அது திசுவின் சிதைவாக இருக்க வாய்ப்பு அதிகம். புரத அளவுகளை, அவை அளக்கப்பட்ட தொகுதிவாரியாகச் சீர்செய்த பிறகே மோஃபாவுக்குள் அனுப்புங்கள்.

கேட்டவர்

இருமுறை ஓட்டினேன் அக்கா. விகிதத்தை நீக்கியபின் முதல் காரணி வலுவிழந்தது. மிட்கைன் உள்ள காரணி மட்டும் அப்படியே நின்று, மூளையில் டௌ புரத முடிச்சுகள் எவ்வளவு பரவியுள்ளன என்பதைக் குறிக்கும் பிராக் நிலையோடும் பொருந்துகிறது. அதன் புரதங்களை இன்றிரவு ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன்.